கணக்குக்கு இரண்டாவது பெட்டி எங்கே?



கையால் எழுதிய காலத்தில் ஒரு கடையின் கணக்கு மூன்று இடத்தில் இருந்தது. வியாபாரம் நடக்கும்போதே கிறுக்கிய சிட்டை ஒன்று. அன்று இரவு அதைப் பார்த்து எழுதிய நாள்வழிக் குறிப்பு இரண்டு. அதிலிருந்து ஆள்வாரியாகப் பற்று வரவு ஏற்றிய பேரேடு மூன்று. பேரேட்டைக் கரையான் அரித்துவிட்டாலும், கணக்குப்பிள்ளை சிட்டையையும் குறிப்பையும் வைத்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்து மறுபடி எழுதிவிடுவார். பாதுகாப்புக்கென்று யாரும் தனியாக வேலை செய்யவில்லை. எழுதும் முறையிலேயே பாதுகாப்பு அடங்கியிருந்தது.

இன்று சிட்டை, குறிப்பு, பேரேடு, ஐந்தொகை, சரக்கு இருப்பு எல்லாமே ஒரு லேப்டாப்புக்குள் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு டிஸ்க்கில் இருக்கின்றன. ஒரு பில் போட்டால் எல்லாக் கணக்கும் தானாக ஏறிவிடுகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு டிஸ்க் போனால் எல்லாம் சேர்ந்து போகிறது. கம்ப்யூட்டருக்கு மாறியபோது நமக்கு வேகம் கிடைத்தது. பழைய முறையில் செலவில்லாமல் கிடைத்த பாதுகாப்பு போய்விட்டது. அதை நாமேதான் மறுபடி ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதுவும் கடை முதலாளி தன் கையால் செய்ய வேண்டிய வேலை என்பதே என் கருத்து.

போகிறது வெறும் எழுத்துதானே என்று நினைத்துவிட வேண்டாம். நம் தொழிலில் கடையில் இருக்கும் சரக்கைவிட வெளியில் நிற்கும் பாக்கி பெரிது. கணக்கு இல்லாமல் பாக்கி கேட்கப் போனால், கொடுக்க வேண்டியவரின் மனச்சாட்சி ஒன்றுதான் நமக்குச் சாட்சி. சில்லறைக் கடைக்காரருக்கும் இதே கஷ்டம்தான். கொடுத்து முடித்த பணத்தை மண்டிக்காரர் மறுபடி கேட்டால், எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது.

சட்டமும் இதைச் சொல்லியிருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஒரு வருடத்தின் கணக்கை, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்குக்குக் கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் வரை நம்மிடம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள் முறையாக பேக்கப் வைத்திருக்க வேண்டும், விபத்திலோ இயற்கைச் சேதத்திலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்க முடிய வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. "சிஸ்டம் கெட்டுப்போச்சு சார்" என்பது அதிகாரியிடம் சொல்லும் பதில் ஆகாது.

இயற்கைச் சேதம் என்பது ஏட்டில் உள்ள வார்த்தை அல்ல. 2015 டிசம்பரில் சென்னையைப் பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களைப் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மூட்டைகள் நனைந்தால் இன்ஷூரன்ஸ் கேட்கலாம். ஆனால் சர்வேயர் வந்ததும் இருப்புக் கணக்கைத்தான் கேட்பார். சரக்கும் கணக்கும் ஒரே தண்ணீரில் மூழ்கியிருந்தால் என்னத்தைக் காட்டுவது?

தண்ணீர் வராமலே மூழ்கும் வழியும் உண்டு. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அதே ஜாதி வைரஸ்கள் இன்றும் ஈமெயில் வழியாகவும் திருட்டு சாஃப்ட்வேர் வழியாகவும் வந்துகொண்டிருக்கின்றன. லேப்டாப்பில் செருகியபடியே இருக்கும் டிஸ்க்கையும் அவை சேர்த்துப் பூட்டிவிடும். ஆகவே வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு யாராவது வீட்டுக்குப் போவோமா?

இதைச் சொன்னால் மூன்று பதில் வருகிறது. "பையன் பார்த்துக்கொள்கிறான்" என்கிறார்கள். பையன் எதில் எடுத்தான், எங்கே வைத்தான் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. "சாஃப்ட்வேர்காரர் எடுத்து வைக்கிறார்" என்கிறார்கள். அவர் பெரும்பாலும் அதே லேப்டாப்பில் 'டி' டிரைவில்தான் எடுத்து வைப்பார். ஒரே பெட்டியில் இரண்டு அறை இருந்தால் அது இரண்டு பெட்டி ஆகிவிடாது. "எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்கிறார்கள். நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்படி இணைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புயல் வந்தால் முதலில் போவது கரண்டும் நெட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய ஒரு கணக்கு உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைப் பெட்டி, ஒன்று வெளியிடத்தில். சிட்டை, குறிப்பு, பேரேடு என்று நம் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த மூன்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி சாமான் விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் துவாரங்களைத்தான் போர்ட் என்கிறார்கள். கணக்கு வெளியே போகும் வாசல் அதுதான். வாசல் குறுகலாக இருந்தால் லோடு இறக்க நேரமாகும். நேரமானால், "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கடைப்பையன் விட்டுவிடுவான். அதனால் லேப்டாப் வாங்கும்போதே போர்ட்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

நீள்சதுரமாக, ஒரு பக்கம் மட்டுமே நுழைவது யு.எஸ்.பி. 'ஏ' வகை. 2000-இல் வந்த 2.0-வின் வேகம் 480 மெகாபிட். 2008-இல் வந்த 3.0-வின் வேகம் 5 கிகாபிட், அதாவது பத்து மடங்குக்கு மேல். நடைமுறையில் பில் ஸ்கேன், போட்டோ எல்லாம் சேர்த்து 50 ஜி.பி. இருந்தால், பழைய போர்ட்டில் அரை மணி நேரம் ஆகும். புதிய போர்ட்டில் சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கே எட்டு, பத்து நிமிடம் போதும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு நீல நிறமாக இருந்தால் பெரும்பாலும் 3.0. ஆனால் எல்லாக் கம்பெனியும் நிறத்தைப் பின்பற்றுவதில்லை. பக்கத்தில் 'எஸ்.எஸ்.' குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

முட்டை வடிவில், எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழைவது 'டைப் சி'. 2014-இல் வந்தது. இங்கேதான் ஏமாறுகிறோம். டைப் சி என்பது துவாரத்தின் வடிவம் மட்டுமே, வேகம் அல்ல. ஒரு லேப்டாப்பில் அதே துவாரம் 40 கிகாபிட்டில் ஓடும். இன்னொன்றில் பழைய 2.0 வேகத்தில்தான் ஓடும். போன் சார்ஜருடன் வரும் டைப் சி ஒயரும் பல நேரம் 2.0 வேகம்தான். டிஸ்க்குடன் வந்த ஒயரை டிஸ்க்குடனேயே கட்டி வையுங்கள். மெல்லிசான சில லேப்டாப்களில் டைப் சி இரண்டே இரண்டுதான் இருக்கும். அதில் ஒன்று சார்ஜருக்குப் போய்விட்டால், பிரிண்டருக்கும் டிஸ்க்குக்கும் எங்கே போவது? கடைக்கு வாங்குவதில் 'ஏ' வகை இரண்டாவது இருக்கட்டும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம். நாம் அரைக் கிலோ பருப்பைப் பாக்கெட் போட்டால், 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிப்படி நிகர எடை, விலை, மாதம், வருடம், புகார் முகவரி எல்லாம் அச்சடிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அபராதம். பல ஆயிரம் ரூபாய் லேப்டாப்பிலோ துவாரத்தின் வேகம் என்ன என்று வெளியே எழுதியிருப்பதில்லை. 3.0 என்ற ஒரே சரக்கு 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயரில் விற்கிறது. 5, 10, 20, 40 என்று வேகத்தையே எழுதும் முறையை யு.எஸ்.பி. அமைப்பு 2022-இல் கொண்டு வந்தது. அது கட்டாயம் இல்லை. நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா? அடுத்த மே 5 வணிகர் தின மாநாட்டுத் தீர்மானங்களில் இதையும் சேர்க்க வேண்டும் என்று நம் சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, போர்ட்டின் வேகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

டிஸ்க்கிலும் கலப்படச் சரக்கு உண்டு. சில ஆயிரம் ரூபாய்க்கு 16 டெராபைட் என்று விளம்பரம் வந்தால் ஏமாறாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, பெரிய அளவைக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காணாமல் போகும். அதே சமயம் 1 டெராபைட் டிஸ்க் கம்ப்யூட்டரில் 931 ஜி.பி. என்று காட்டினால் சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. முன்பு ஊருக்கு ஊர் படி மாறியது போலத்தான்.

நம் அளவுக்கு 1 டெராபைட் தாராளம். கையடக்கமான இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் லேப்டாப் போர்ட்டிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழல்கிறது. ஓடும்போது விழுந்தால் போயிற்று. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை, விலை கூட. அதையும் வருடக்கணக்கில் செருகாமல் பீரோவில் போட்டுவிடக் கூடாது. எதை வாங்கினாலும் வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் கணக்குக்கு இல்லை. புது டிஸ்க் கொடுப்பார்கள், பழைய பாக்கியை யார் கொடுப்பார்கள்?

ஆகவே ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். 'அ', 'ஆ' என்று எழுதி ஒட்டுங்கள். ஒரு வாரம் 'அ', மறு வாரம் 'ஆ'. ஒன்று கடையில் இருந்தால் மற்றது வீட்டில் இருக்கட்டும். கடையும் வீடும் ஒரே கட்டடமானால் சம்பந்தி வீட்டிலாவது இருக்கட்டும். இப்போதைய டாலி பிரைமில் ஆல்ட்டும் 'ஒய்'யும் சேர்த்து அழுத்தினால் பேக்கப் என்று வரும். ஒவ்வொரு முறையும் தேதி போட்ட தனி ஃபோல்டரில் எடுங்கள், பழையதன் மேல் எழுத வேண்டாம். எடுத்து முடிந்ததும் முறைப்படி நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் செருகி, கணக்கை மீட்டுத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு கடையின் பாக்கியைச் சரிபாருங்கள். மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. திறந்து பார்க்காத பேக்கப்பும் குத்தூசி போடாத மூட்டைதான்.

இரண்டு டிஸ்க்கின் விலை ஏறக்குறைய இரண்டு மூட்டைத் துவரம்பருப்பு. வேலை வாரத்துக்குப் பத்து நிமிடம். சனிக்கிழமை இரவு கல்லாவை எண்ணி முடித்த கையோடு இதையும் செய்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.