கேட்கத் தெரியாத குழந்தை

என் பேத்திக்கு ஏழு வயது. சைவ வீட்டுக் குழந்தை. தோழியின் பிறந்தநாள் விருந்தில், பிரியாணியிலிருந்த கறித்துண்டை மீல் மேக்கர் என்று நினைத்துத் தின்றுவிட்டாள். வீட்டில் ஒரே ரகளை! குழந்தைக்கு வசவு, அந்த வீட்டுப் படி இனி ஏறக் கூடாது என்று தடை வேறு.

நான் கேட்கிறேன்: குற்றம் யாருடையது? எண்ணெய் எடுத்த சோயா மாவை இயந்திரத்தில் சூடாக்கிப் பிதுக்கி, இறைச்சி நார்போலவே ஆக்குகிறார்கள். அதை மசாலா போட்டு ஊட்டியவர்கள் நாம். "பார்த்தால் தெரியாதா?" என்று அதட்டுகிறவர்களும் நாமே!

அருவருப்பைக் கற்பித்தோம், அறிவைக் கற்பித்தோமா? பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். 2020 விதிகளுக்கு முன் அசைவத்துக்கும் வட்டம்தான். நிறம் பிரித்தறியாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று சர்க்கார் மாற்றியது. சர்க்காருக்கு இருந்த கரிசனம்கூட நமக்கு இல்லை.

விருந்துத் தட்டில் முத்திரை கிடையாது. ஆனால் குழந்தைக்கு வாய் உண்டு. "ஆன்ட்டி, இது கறியா, மீல் மேக்கரா?" என்று மரியாதையாகக் கேட்கப் பழக்கினால் போதும். எந்தத் தாயும் கோபிக்க மாட்டாள்.

முகம் சுளிக்க மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, குழந்தையை அடிக்கக் கை ஓங்குகிறோமே, வெட்கமாக இல்லை?