ஒரே தொகுதியில் 6 பன்னீர்செல்வம்: ‘பெயர் ராசி’ வாக்குகளைப் பிரிக்குமா? சட்டம் என்ன சொல்கிறது?

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடே திரும்பிப் பார்த்த தொகுதிகளில் ஒன்று ராமநாதபுரம். மூன்று முறை முதல்வராக இருந்த ஓ.பன்னீர்செல்வம் அங்கே சுயேச்சையாகக் களமிறங்கினார். அவர் மனு தாக்கல் செய்த கையோடு, அதே பெயரில் இன்னும் 5 பேர் அடுத்தடுத்து மனு தாக்கல் செய்தார்கள். பெரும்பாலோருக்கு இன்ஷியலும் அதே ‘ஓ’ தான். எதிர்த்தரப்பு செய்த வேலை இது என்று ஓ.பி.எஸ். தரப்பு கொந்தளித்தது. சமூக வலைதளங்களில் மீம்ஸ் பறந்தது.

சிரித்துவிட்டுக் கடந்து போகிற விஷயம்தானா இது? ஒரே பெயரில் பலர் நின்றால் உண்மையிலேயே முடிவு மாறுமா? சட்டத்தில் இதற்குத் தடை உண்டா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ராமநாதபுரத்தில் நடந்தது என்ன?

2022 ஜூலை 11 அன்று நடந்த அ.தி.மு.க. பொதுக்குழுவில் ஓ.பி.எஸ். கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். கட்சியின் பெயர், கொடி, இரட்டை இலை ஆகியவற்றைப் பயன்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்தது. இதனால் பா.ஜ.க. கூட்டணியின் ஆதரவோடு சுயேச்சையாக நிற்க வேண்டிய நிலை. கிடைத்த சின்னம் பலாப்பழம்.

தேனி மாவட்டத்துக்காரரான அவருக்கு ராமநாதபுரம் சொந்த மண் அல்ல. ராமேஸ்வரம் கடற்கரையில் தொடங்கி அறந்தாங்கி, திருச்சுழி வரை 6 சட்டமன்றத் தொகுதிகள், 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கிற தொகுதி அது. மனுக்களைத் திரும்பப் பெற கடைசி நாள் மார்ச் 30. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. இடைப்பட்ட மூன்று வாரத்துக்குள், “எனக்கு இரட்டை இலை இல்லை, பலாப்பழம்” என்று மீனவக் கிராமங்களிலும் கரிசல் காட்டு ஊர்களிலும் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். கூடவே, “பட்டியலில் இருக்கிற மற்ற பன்னீர்செல்வம் யாரும் நான் இல்லை” என்றும் சொல்ல வேண்டும்.

ஒரே பெயர் இவ்வளவு பேருக்கு எப்படி?

தமிழ்ப் பெயர் முறையில்தான் விடை இருக்கிறது. பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். ஒரு வட்டாரத்தில் ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாகச் சுற்றி வருவது இங்கே இயல்பு.

ராமநாதபுரமே இதற்குச் சாட்சி. முத்துராமலிங்கம் என்றதும் இன்று நினைவுக்கு வருபவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். ஆனால் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னால், கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து 1795-ல் பதவி பறிக்கப்பட்டு, 1809-ல் சென்னையில் சிறையிலேயே இறந்த மன்னர் முத்துராமலிங்க சேதுபதி. ஏர்வாடி தர்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்ராகிம்கள், ராமேஸ்வரத்தைச் சுற்றி ராமநாதன்கள், ராமலிங்கங்கள் என்று ஊரின் வழிபாட்டுத் தலமே பெயர்களைப் பெருக்குகிறது.

பன்னீர்செல்வம் என்ற பெயருக்கும் தமிழக அரசியலில் நீண்ட வரலாறு உண்டு. நீதிக்கட்சித் தலைவர் சர் ஏ.டி.பன்னீர்செல்வம் 1940 மார்ச் 1 அன்று ‘ஹானிபால்’ விமானத்தோடு ஓமன் வளைகுடாப் பகுதியில் மாயமானார். 2021-ல் தி.மு.க. அரசின் வேளாண் துறை அமைச்சரானவர் எம்.ஆர்.கே.பன்னீர்செல்வம்.

அடுத்தது இன்ஷியல். ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பெயருக்கு முன் உள்ள ஏ.பி.ஜே. என்ற மூன்று எழுத்தில் அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என மூன்று தலைமுறை இருக்கிறது. பெரும்பாலான தமிழர்களுக்கு இன்ஷியல் ஒரே ஒரு எழுத்துதான். ஓட்டக்காரத் தேவர் என்ற முழுப் பெயர் ‘ஓ’ என்று சுருங்குகிறது. ‘ஓ’வில் தொடங்கும் வேறு அப்பாக்களின் பெயர்களும் அதே ‘ஓ’வுக்குள் வந்துவிடுகின்றன. வட இந்தியாவில் குடும்பப் பெயர் செய்கிற வேலையை இங்கே ஒற்றை எழுத்து செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் அச்சு அசலாக ஒத்துப்போகிற பெயர்கள் கிடைப்பது தமிழ்நாட்டில் சுலபம்.

ஊருக்குள் இது பெரிய பிரச்சினையே இல்லை. ஒரே தெருவில் நாலு முருகேசன் இருந்தால் ‘போட்டுக்காரர் முருகேசன்’, ‘டீக்கடை முருகேசன்’ என்று சனங்களே பிரித்துவிடுவார்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தில் பட்டப்பெயருக்கு ஏது இடம்?

சட்டம் என்ன சொல்கிறது?

மக்களவைத் தேர்தலில் நிற்க, 25 வயது நிறைந்து நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். டெபாசிட் 25 ஆயிரம் ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு அதில் பாதி. சுயேச்சை என்றால் அந்தத் தொகுதியைச் சேர்ந்த 10 வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும். ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், நீங்கள் நிற்கக் கூடாது’ என்று சொல்ல தேர்தல் அதிகாரிக்கு அதிகாரம் கிடையாது.

அதே நேரம், 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகள் இந்தச் சிக்கலை மறந்துவிடவும் இல்லை. இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் தொழில், வசிப்பிடம் அல்லது வேறு ஏதாவது வகையில் அவர்களை வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்கிறது விதி. தெருவில் சனங்கள் செய்வதைத்தான் சட்டமும் செய்யச் சொல்கிறது.

சுயேச்சைக்கு மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

பலரும் கவனிக்காத இடம் இதுதான். வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர்கள் மூன்று பிரிவாக வரிசைப்படுத்தப்படுகிறார்கள். முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியினர், அடுத்து பதிவு செய்யப்பட்ட ஆனால் அங்கீகாரம் இல்லாத கட்சியினர், கடைசியாக சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை.

ஒரு பெரிய கட்சி வேட்பாளருக்கு எதிராக அதே பெயரில் ஒருவர் நின்றால், கட்சிக்காரர் மேலே இருப்பார், மற்றவர் கீழே எங்கோ சுயேச்சைகளோடு இருப்பார். நடுவில் இடைவெளி இருக்கிறது. கூடவே ஊருக்கே தெரிந்த சின்னம் இருக்கிறது. ஆனால் முன்னாள் முதல்வரே சுயேச்சையாக நின்றால் கதை வேறு. அவரும் மற்ற பன்னீர்செல்வம்களும் ஒரே பிரிவு. அகர வரிசைப்படி பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். சின்னமும் எல்லோருக்குமே புதுசு.

போதாக்குறைக்கு, ஒரு பேலட் யூனிட்டில் நோட்டாவோடு சேர்த்து 16 பேருக்குத்தான் இடம். ராமநாதபுரத்தில் 25 பேர் போட்டியிட்டதால் இரண்டு யூனிட்கள் வைக்கப்பட்டன.

கட்சிப் பிளவும் சின்ன வழக்குகளும் அதிகமாகும் காலத்தில், பெரிய தலைவர்கள் புதுச் சின்னத்தோடு சுயேச்சையாக நிற்கும் சூழல் கூடுகிறது. அதே பெயர்க்காரர்களின் ‘மதிப்பு’ ஏறுவதும் அப்போதுதான்.

கடைசியில் வாக்கு பிரிந்ததா?

ஜூன் 4 அன்று வந்த முடிவு: தி.மு.க. கூட்டணியில் ஏணி சின்னத்தில் நின்ற இந்திய யூனியன் முஸ்லிம் லீக் வேட்பாளர் நவாஸ் கனி 5,09,664 வாக்குகள். ஓ.பி.எஸ். 3,42,882 வாக்குகளோடு இரண்டாமிடம். வித்தியாசம் 1,66,782.

மற்ற பன்னீர்செல்வம்கள் அனைவரின் வாக்குகளையும் கூட்டினாலும் இந்த வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வராது. இன்னும் சொல்லப்போனால், மூன்றாமிடம் வந்த அ.தி.மு.க.வின் 99,780 வாக்குகளை ஓ.பி.எஸ். கணக்கில் அப்படியே சேர்த்தாலும் 4,42,662 தான். அப்போதும் 67 ஆயிரம் குறைகிறது. ஆக, ராமநாதபுரத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது கூட்டணி பலம், பெயர்க் குழப்பம் அல்ல.

மறுபக்கமும் உண்டு. ஒரே மாதிரிப் பெயர்களுக்கு நடுவே மூன்றரை லட்சத்துக்கு நெருக்கமான வாக்காளர்கள் பலாப்பழத்தைச் சரியாகத் தேடிப்பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். வாக்காளரைச் சாதாரணமாக ஏமாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பதில்.

அப்படியென்றால் கவலையே வேண்டாமா?

கேரளாவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆலப்புழாவில் காங்கிரஸ் மூத்த தலைவர் வி.எம்.சுதீரன் தோற்றது வெறும் 1,009 வாக்குகளில். அதே தொகுதியில் நின்ற இன்னொரு சுதீரன் பெற்றது 8,282 வாக்குகள். 2016 சட்டமன்றத் தேர்தலில் மஞ்சேஸ்வரத்தில் பா.ஜ.க.வின் கே.சுரேந்திரன் 89 வாக்குகளில் தோற்றார். ஏறக்குறைய அதே மாதிரி ஒலிக்கும் பெயர் கொண்ட ஒரு வேட்பாளருக்கு 467 வாக்குகள் விழுந்திருந்தன.

2014-ல் சத்தீஸ்கரின் மகாசமுந்த் தொகுதியில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. பா.ஜ.க.வின் சந்துலால் சாஹுவை எதிர்த்து, காங்கிரஸின் அஜித் ஜோகி மட்டுமல்ல, அதே பெயரிலும் ஒத்த பெயரிலும் ஏறத்தாழ 10 சாஹுக்கள் நின்றார்கள். தட்டுத் தடுமாறி 1,217 வாக்குகளில் பா.ஜ.க. சாஹு ஜெயித்தார்.

அதே பெயர்க்காரருக்கு விழுந்த எல்லா வாக்கும் தவறி விழுந்தவைதான் என்று நிரூபிக்க வழியே இல்லை. வாக்கு ரகசியமானது. ஆனால் வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில், சில நூறு வாக்குகள் தடம் மாறினாலும் முடிவு மாறும்.

இது மக்களவையை விட சட்டமன்றத் தேர்தலில்தான் அதிகம் உறைக்கும். தொகுதி சிறியது, டெபாசிட்டும் 10 ஆயிரம்தான். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்குகள். 2021-ல் தியாகராய நகரில் 137, மொடக்குறிச்சியில் 281. இப்படிப்பட்ட தொகுதியில் அதே இன்ஷியலோடு ஒருவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீதிமன்றம் ஏன் தடுக்கவில்லை?

ராமநாதபுரம் வாக்குப்பதிவு முடிந்த இரண்டு வாரத்தில், 2024 மே 3 அன்று, ஒரே பெயர் வேட்பாளர்களைக் கட்டுப்படுத்தக் கோரும் பொதுநல மனு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு அதை ஏற்கவில்லை. பெற்றோர் ஒருவருக்கு ராகுல் காந்தி என்றோ லாலு பிரசாத் யாதவ் என்றோ பெயர் வைத்துவிட்டால், அதற்காக அவரைத் தேர்தலில் நிற்காமல் தடுக்க முடியுமா என்பதே நீதிபதிகள் எழுப்பிய கேள்வி.

நியாயமான கேள்விதான். தியாகராய நகரில் 137 வாக்குகளில் வென்ற தி.மு.க. வேட்பாளரின் பெயரே ஜெ.கருணாநிதி. பெயர் ஒற்றுமையையே குற்றமாகப் பார்த்தால், உண்மையான அரசியல் ஆர்வத்தோடு வருகிற சாதாரண மனிதரும் அடிபடுவார். பணம் கொடுத்து நிறுத்தப்பட்டவரையும் தானாக வந்தவரையும் மனு தாக்கல் மேசையில் வைத்துப் பிரித்துப் பார்க்க எந்தக் கருவியும் இல்லை.

போட்டோ போதுமா?

தேர்தல் ஆணையம் தேர்ந்தெடுத்த வழி புகைப்படம். 2015 மே மாதத்துக்குப் பிந்தைய தேர்தல்களில் பெயருக்கும் சின்னத்துக்கும் நடுவே வேட்பாளரின் படம் இடம்பெறுகிறது. ஆனால் சிறிய படம், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. 2025 செப்டம்பரில் ஆணையம் அதை மாற்றியது. இனி வண்ணப் படம், அதில் முக்கால் பங்கு முகமே தெரிய வேண்டும், வரிசை எண் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பீகார் சட்டமன்றத் தேர்தலில் இது முதலில் அமலானது.

நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஓட்டை உண்டு. மஞ்சேஸ்வரம் குழப்பம் நடந்தபோதே படம் வந்துவிட்டது. விவிபாட் சீட்டில் வரிசை எண், பெயர், சின்னம் மட்டுமே தெரியும், முகம் தெரியாது. 2021-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எதிர்க்கட்சி வேட்பாளர் போரிஸ் விஷ்னெவ்ஸ்கிக்கு எதிராக இருவர் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டு, தாடியும் தலைமுடியும்கூட அவரைப் போலவே தோன்றும் படங்களோடு நின்றார்கள். அவர் தோற்றுப்போனார்.

பிரிட்டனில் 1994-ல் லிபரல் டெமாக்ரட் கட்சியின் பெயரை ஒரே ஒரு எழுத்து மாற்றி ‘லிட்டரல் டெமாக்ரட்’ என்று நின்றவர் 10 ஆயிரத்துக்கும் மேல் வாக்கு வாங்க, அசல் கட்சி 700 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அதன் பிறகே 1998-ல் கட்சிப் பெயர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. கட்சிப் பெயருக்குப் பூட்டுப் போடலாம், மனிதப் பெயருக்கு முடியாது.

என்ன செய்யலாம்?

இருக்கிற விதியையே ஒழுங்காகப் பயன்படுத்தலாம். ஒரே பெயர் வந்தால் இன்ஷியலை விரித்து அப்பாவின் முழுப் பெயரையும் ஊரையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. விவிபாட் சீட்டிலும் அந்த விரிவான பெயர் வந்தால் குழப்பம் இன்னும் குறையும். வேட்பாளர்களும் விழித்திருக்க வேண்டும். தங்கள் பெயர் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்று, இறுதிப் பட்டியல் தயாராவதற்கு முன்பே எழுதிக் கொடுக்க விதிகளில் வாய்ப்பு இருக்கிறது.

வாக்காளருக்கு? பெயரை மட்டும் பார்த்து பட்டனை அழுத்தாதீர்கள். சின்னம், படம், வரிசை எண் மூன்றையும் பாருங்கள். சாவடிக்கு வெளியே ஒட்டியிருக்கும் வேட்பாளர் பட்டியலை ஒரு தடவை வாசித்துவிட்டு உள்ளே போங்கள். அழுத்திய பிறகு விவிபாட் கண்ணாடியில் சீட்டு 7 விநாடி தெரியும். அங்கே பெயரைத் தேடாதீர்கள், அது பக்கத்தில் நிற்பவருக்கும் இருக்கலாம். சின்னத்தைப் பாருங்கள்.