ஒப்புக்குச் சப்பாணி வேண்டாம்!



தாயம் ஆடாத வீடு நம் செஞ்சிப் பக்கத்தில் உண்டோ? கட்டம் கீற ஒரு துண்டு சாக்பீஸ் போதும். பித்தளைக் கட்டை இல்லாவிட்டால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டத்தில் இறங்குவதுதான் பெரும்பாடு! தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் வரும். கட்டைக்கு நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைகளும் 16 விதமாக விழலாம். அவற்றுள் ஒன்றும் வெறுமையும் சேர்ந்து தாயமாவது 2 விதம் மட்டுமே. ஆகவே எட்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு. எட்டு முறை உருட்டியும் தாயத்தைக் காணாதவர்கள் நூற்றுக்கு 34 பேர் இருப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறது. மற்றவர்கள் வெட்டுவதும் மலையில் ஏறுவதுமாக இருக்க, அவள் மட்டும் கட்டையை உருட்டி உருட்டி அடுத்தவள் கையில் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

இதனால்தான் வீட்டுக்கு வீடு விதி மாறுகிறது. ஐந்து விழுந்தாலும் இறங்கலாம் என்பார்கள் சிலர். முதல் காய்க்குத்தான் தாயம் வேண்டும், மற்றவை சும்மா இறங்கலாம் என்பார்கள் வேறு சிலர். சின்னப் பிள்ளை என்றால், "நீ ஒரு காயை உள்ளே வைச்சுக்கோடி கண்ணு" என்று பாட்டியே எடுத்து வைத்துவிடுவார்.

தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது இன்னொரு சலுகை உண்டு. அதுதான் ஒப்புக்குச் சப்பாணி. அந்தக் குழந்தையைத் தொட்டாலும் அது அவுட் இல்லை. அது யாரையாவது தொட்டாலும் அவர் அவுட் இல்லை. பாட்டி தருவதும் சலுகை, தெரு தருவதும் சலுகை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதே நான் சொல்ல வந்த செய்தி. இப்போது இதை எழுதக் காரணம், விடுமுறையில் நம்மில் சிலர் ஆடத் தொடங்கியிருக்கும் கதை ஆட்டம்.

அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் சுவரேறுகிறேன்", "நான் காவலனிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்ல வேண்டும். முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது. அதில் ஒருவரின் வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, சுறுசுறுப்பு, வசீகரம் ஆகிய ஆறுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டுவார்கள். மூன்றும் வரலாம், பதினெட்டும் வரலாம். பிறக்கும்போதே ஒருத்தி பீமன், ஒருத்தி நோஞ்சான்!

இது பொறுக்காமல் அங்கும் வீட்டு விதிகள் முளைத்தன. நான்கு பகடை உருட்டி மிகக் குறைந்ததைத் தள்ளிவிடும் முறையை 1979-இல் வந்த நடத்துநர் கையேடே ஏற்றுக்கொண்டது. சராசரி பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குச் சற்று மேலே போயிற்று. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, எண்களுக்கு அப்பால் தனித்திறன்களையும் சேர்த்தது. 2014 பதிப்பில் அவை விருப்பமிருந்தால் மட்டுமே என்று ஆயின. ஆயினும் பல குழுக்கள், தொடக்கத்திலேயே ஆளுக்கொரு திறன் இனாம் என்று தாமே விதி செய்துகொண்டன. 2024-இல் திருத்தி வெளியிட்ட புத்தகத்தில், பாத்திரத்தின் பின்னணிக்கு ஏற்ப ஒரு திறன் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே கிடைக்கிறது. காயத்துக்கு மருந்திடுவது, கைவினை, இசை என்று பத்து வகை அதில் உண்டு. வீட்டில் செய்துவந்தது புத்தகத்தில் ஏறிவிட்டது.

இதை நாங்கள் 'வரம்' என்கிறோம். வரம் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் எங்கள் குழுவில் நடந்த சண்டை.

வேண்டாம் என்பவர்கள் கூறும் காரணம் எளியதல்ல. "பட்டுத்தான் தேற வேண்டும். முதலிலேயே எல்லாம் கிடைத்துவிட்டால் பிறகு என்ன சுவை?" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பட்டுத் தேறுவதற்கு முதலில் ஆட்டத்துக்குள் இருக்க வேண்டுமே! சென்ற கோடையில் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எங்களோடு ஆட வந்தாள். பகடை அவளுக்கு உடலுறுதி நான்கு என்று கொடுத்தது. முதல் சண்டையில், முதல் அடியில் அவள் பாத்திரம் இறந்தது. பிற்பகல் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் இரக்கப்பட்டு, "உன்னை யாரும் கொல்ல மாட்டோம், வா" என்று அழைத்தார்கள். ஒப்புக்குச் சப்பாணி! அன்று அவள் இறக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன யோசனையையும் யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் வரவில்லை. தோல்வியைக் கணக்கில் எடுக்காதவர்கள் வெற்றியையும் எடுக்க மாட்டார்கள் என்பது பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா என்ன?

ஆகவே வரம் வேண்டும் என்பது என் கட்சி. அது பாட்டி எடுத்து வைக்கும் காயைப் போல இருக்க வேண்டும். காய் உள்ளே வரும். அதற்குப் பிறகு வெட்டுப்படலாம், பழமும் ஆகலாம். எண்ணைக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லோருக்கும் வலிமையில் நான்கு கூட்டினால், கதை நடத்துகிறவள் அரக்கனுக்கும் நான்கு கூட்டிவிடுவாள். பிறகு என்ன லாபம்? வேறு ஒருத்திக்கும் இல்லாத ஒரு செயலை இவளால் செய்ய முடிய வேண்டும்.

எங்கள் கதை செஞ்சிக் கோட்டையில் நடப்பது. எல்லோருக்கும் ராஜா தேசிங்காகத்தான் ஆசை! குதிரை, வாள், வீரம். ஆனால் 1714-இல் அவர் போரில் மாண்டபோது வயது இருபத்திரண்டுதான் என்கிறார்கள். போருக்கு விடை கேட்டுப் போனபோது எங்கள் சிங்கவரத்து ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் கதை சொல்வதும் உண்டு. வாள் மட்டும் போதும் என்று இந்த மலைகளைப் பார்த்த எவரும் சொல்லார். முகலாயப் படை 1690-இல் முற்றுகையிட்டு 1698-இல் தானே கோட்டையைப் பிடித்தது? அத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்தவர்களுக்குக் களஞ்சியத்தில் தானியம் எவ்வளவு என்று தெரிந்தவள் வேண்டாமா? ராஜகிரி உச்சிக்கு முன் ஒரு பிளவு இருக்கிறதே, அங்கே கயிறு கட்டத் தெரிந்தவள்? நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கொடி மாறிய ஊரில், இரண்டு பாஷை பேசத் தெரிந்த பூக்காரி எத்தனை காவலைக் கடப்பாள்! இப்படி ஒரு வரம் இருந்தால் உடலுறுதி நான்கு என்றாலும் குழு அவளைக் கேட்காமல் ஓர் அடி வைக்காது.

இன்னும் ஒன்று. யாருக்கு என்ன வரம் என்பதைக் கதை நடத்துகிறவள் தீர்மானிக்கக் கூடாது. அப்படி விட்டால் அவளுடைய உயிர்த்தோழிக்கு நல்லதும், புதிதாக வந்தவளுக்கு மிச்சமும் போகும். அவரவர் தேர்ந்தெடுக்கட்டும். எண்ணில் மிகக் குறைந்தவள் முதலில் எடுக்கட்டும். பகடையை உருட்டுமுன்பே இந்த விதியை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அழுது வாங்குவது என்பது கிடையாது. நன்றாக ஆடுகிறவர்களுக்கும் வரம் உண்டு. இல்லாவிட்டால் வரம் வாங்கியவள் என்று இவளைச் சுட்டிக்காட்டுவார்கள்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. பாத்திரம் இறந்து, புதுப் பாத்திரத்தோடு ஒருத்தி மீண்டும் வந்தால் அவளுக்குப் புது வரம் உண்டா? உண்டு என்றால் சிலர் வரத்துக்காகவே மலையிலிருந்து குதிப்பார்கள் (ஒருத்தி குதித்தும்விட்டாள்!). இல்லை என்றால் இறந்தவள் மறுபடியும் வெறுங்கையோடு நிற்பாள். பழைய வரம் போகட்டும், மற்றவர்கள் எடுக்காமல் விட்டதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறேன் நான். தோழியர் இருவர் இன்னும் ஒப்பவில்லை. அரையாண்டு விடுமுறையில் பேசிக்கொள்வோம்.

— பதினோராம் வகுப்பு மாணவி, சிங்கவரம்