முதல்ல கட்டில்ல படுக்க வச்சுப் பாருங்க டாக்டர்!

"கழுத்து எலும்பு தேஞ்சிருக்கு." தலைசுத்துதுன்னு போற அம்பது வயசுக்காரங்களுக்கு நம்ம ஊர்ல வழக்கமா கிடைக்கிற தீர்ப்பு இது. அந்த வயசுல யாரோட கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் அனேகமா கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். தலை நரைச்சிருக்கு, அதான் சுத்துதுன்னு சொன்னா சிரிப்போம். இதுக்கு மட்டும் காலர் வாங்கி மாட்டிக்கிறோம்.

நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுற ஆளு. டாக்டர் பதிவர்கள் சண்டைக்கு வந்தா வாங்க, பேசுவோம் :-)

நான் சொல்றது ஒரு குறிப்பிட்ட வகைத் தலைசுத்தல். படுக்கையில புரண்டா சுத்தும். காலைல எழுந்திரிச்சா சுத்தும். மொட்டைமாடிக் கொடியில துணி காயப்போட அண்ணாந்தா சுத்தும். கொஞ்ச நொடி, மிஞ்சிப்போனா ஒரு நிமிஷம், அப்புறம் நின்னுடும். அசையாம இருந்தா ஒண்ணும் இல்லை. இதை வீட்டுல பித்தம்பாங்க, ரத்த சோகைம்பாங்க, எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு குடுப்பாங்க. டாக்டருங்க வச்ச பேரு பி.பி.பி.வி. தலை இருக்கிற நிலையைப் பொறுத்து வர்ற, உயிருக்கு ஆபத்தில்லாத தலைசுத்தல்னு அர்த்தம்.

காரணம் ரொம்ப எளிமை. உள்காதுல யூட்ரிக்கிள்னு ஒரு பை இருக்கு. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கிட்டு இருக்கும். சிப்பி ஓட்டுல இருக்கே, அதே சரக்கு. அதுல கொஞ்சம் உதிர்ந்து பக்கத்துல இருக்கிற அரைவட்டக் குழாய்க்குள்ள போயிடும். ஒவ்வொரு காதுலயும் இப்படி மூணு குழாய். பெரும்பாலும் மாட்டுறது பின்பக்கக் குழாய்தான். தலையைச் சாய்ச்சா துகள் உருளும், உள்ள இருக்கிற திரவம் அசையும், 'நீ சுத்துறே'ன்னு மூளைக்குப் பொய்த் தந்தி போகும். கண்ணு அதை நம்பித் துடிக்கும்.

அந்தத் துடிப்பைப் பார்க்கிறதுதான் டெஸ்ட். மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக்னு லண்டன்ல ரெண்டு பேர் 1952ல எழுதி வச்சது. கட்டில்ல உட்கார வச்சு, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டுனு மல்லாக்கப் படுக்க வச்சு, தலை கட்டில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழ தொங்குற மாதிரி பிடிச்சுக்கிட்டு கண்ணைப் பார்க்கணும். சில நொடி ஒண்ணும் இருக்காது. அப்புறம் கண்ணு மேல்நோக்கிச் சுழன்று சுழன்று வெட்டும், ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கும். எந்தக் காது, எந்தக் குழாய்னு அதுலயே தெரிஞ்சுடும். தேவை ஒரு கட்டில், ரெண்டு கை. கரண்ட் கூட வேணாம்.

இதைச் செய்யாம என்ன செய்யறாங்கன்னா, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்றாங்க. அந்தத் துகள் எம்.ஆர்.ஐ.யில தெரியாது. தெரியாததைத் தேடி அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள்ள படுத்துட்டு வந்தா 'நார்மல்'னு ரிப்போர்ட். நார்மலுக்கும் மாத்திரை உண்டு.

அடுத்தது 'முழு பேலன்ஸ் டெஸ்ட்' பேக்கேஜ். எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது இதுலதான். இதுல காதுக்குள்ள 30 டிகிரி தண்ணி, அப்புறம் 44 டிகிரி தண்ணின்னு ஊத்தி (சில இடத்துல காத்து) கண் துடிப்பை அளக்கிற கலோரிக் டெஸ்ட் ஒண்ணு வரும். உள்காது ஒரு பக்கம் செயலிழந்திருக்கான்னு கண்டுபிடிக்க அருமையான டெஸ்ட். ஆனா அது சோதிக்கிறது முக்கியமா பக்கவாட்டுக் குழாயை! துகள் கிடக்கிறது பின்பக்கக் குழாய்ல. சமையல்கட்டுல குழாய் ஒழுகுதுன்னு பிளம்பரைக் கூப்பிட்டா, மாடி பாத்ரூமை அளந்து பில் போட்ட கதை. வேடிக்கை என்னன்னா, இந்தத் தண்ணி ஊத்துற டெஸ்டை உருவாக்கின ராபர்ட் பாரனிதான் (1914க்கான நோபல் வாங்கினவர்) இந்த வகைத் தலைசுத்தலைப் பத்தியும் 1921லயே எழுதினவர். அவர் ரெண்டையும் குழப்பிக்கலை. நூறு வருஷம் கழிச்சு நாம குழப்பிக்கிறோம்.

கேமரா வச்ச கண்ணாடி மாட்டி கண் துடிப்பைப் பார்க்கிறதை நான் குறை சொல்லலை. வெறும் கண்ணுக்குத் தப்புறது அதுல தெரியும். அதை மாட்டிட்டும் படுக்க வச்சுத்தானே பார்க்கணும்?

மூணாவது மாத்திரை. எங்க சித்தி எட்டு மாசம் புரோகுளோர்பெரசின் முழுங்கினாங்க. சீட்டு எழுதின இடம் பேர் வேண்டாம், பெரிய இடம். சுத்தல் நிக்கலை. கை நடுங்க ஆரம்பிச்சது, நடை தளர்ந்தது. அந்த மருந்தை நீளமா சாப்பிட்டா பார்க்கின்சன் மாதிரி அறிகுறி வரும்கிறது பாடப்புத்தகத்துல இருக்கிற விஷயம். வலப்பக்கம் புரண்டா சுத்துமேன்னு பயந்து நாற்காலியிலயே தூங்கினாங்க. கடைசில ஒரு அரசு ஆஸ்பத்திரியில, சின்னப் பொண்ணு, பயிற்சி டாக்டர், படுக்க வச்சு கண்ணைப் பார்த்துச்சு. "வலது காதும்மா"ன்னு சொல்லி, தலையை நாலு நிலையில திருப்பி உட்கார வச்சுது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம். சித்தி அன்னிக்கு ராத்திரி படுத்துத் தூங்கினாங்க. நடுக்கம் போகத்தான் மாத்திரையை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு.

அந்த நாலு நிலைத் திருப்பலுக்கு எப்ளி முறைன்னு பேரு. அமெரிக்காவுல போர்ட்லண்ட் நகரத்து ஜான் எப்ளி 1980 வாக்குல இதைச் சொன்னப்போ சக டாக்டர்களே சிரிச்சாங்க. கட்டுரை வெளிவந்தது 1992ல. மருத்துவ வாரியம் வரைக்கும் அவர் மேல புகார் போச்சு. தலையைத் திருப்பினா குணமாகும்னா யார் நம்புவா? இன்னிக்கு அதுதான் முதல் சிகிச்சை. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு தடவையிலயே சரியாகுது. திரும்ப வரலாம், வந்தா திரும்பத் திருப்பிக்கலாம்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் சங்கம் 2008ல வழிகாட்டு நெறி போட்டு 2017ல புதுப்பிச்சது. கட்டில் டெஸ்ட்ல உறுதியாகி, வேற அறிகுறி இல்லேன்னா ஸ்கேன் வேண்டாம், தனியா பேலன்ஸ் டெஸ்டும் வேண்டாம், தலைசுத்தல் மாத்திரையை வழக்கமா எழுதவும் வேண்டாம்னு தெளிவா இருக்கு.

'பாதுகாப்புக்குத்தான் ஸ்கேன்'னு வாதம் வரும். பேச்சு குழறுது, ஒண்ணு ரெண்டாத் தெரியுது, கை கால் இழுக்குது, நிக்கவே முடியலை, அசையாம இருந்தாலும் மணிக்கணக்கா சுத்துது, திடீர்னு காது கேக்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அங்க ஸ்கேன் கேட்டா எதிர்த்துப் பேசாதீங்க, அது பக்கவாதமா இருக்கலாம். கழுத்துல நிஜமாவே பெரிய கோளாறு இருக்கிறவங்களுக்கு ஒருக்களிச்சுப் படுக்க வச்சுச் செய்யற மாற்று முறை இருக்கு. இதெல்லாம் யாரைச் சோதிக்கணும், எப்படிச் சோதிக்கணும்கிறதுக்கான விதி. சோதிக்காமலே காலர் மாட்டி அனுப்ப யார் விதி போட்டது?

'ஒரு நாளைக்கு நூறு பேஷண்ட், நேரம் எங்க இருக்கு'ன்னும் சொல்லுவாங்க. எட்டு மாசத்துல எங்க சித்தி பதினோரு தடவை போயிருக்காங்க சார். அந்தப் பதினோரு தடவைக்கும் நேரம் இருந்துச்சே.