கேம்பர் இழுக்க எந்த பிக்அப் வாங்கலாம்? பதில் தொப்பூர் இறக்கத்தில் இருக்கிறது

நாமக்கல்லில் யாரிடமாவது ‘கேம்பர்’ என்று சொன்னால், படுக்கையும் சமையலறையும் வைத்த வண்டி அவர் நினைவுக்கு வராது. முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் திறந்த லோடு பாடி என்று ஓடும் மஹிந்திராவின் ‘பொலிரோ கேம்பர்’தான் வரும். தோட்டத்துக்கு ஆளையும் உர மூட்டையையும் ஒரே டிரிப்பில் கொண்டுபோகிற வண்டி அது.

பெங்களூருவிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் சேலம், நாமக்கல் இளைஞர்களுக்கு அந்தச் சொல் இப்போது வேறு படத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு பெரிய டீசல் பிக்அப், அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய ஒரு குட்டி வீடு, குடும்பத்தோடு பத்து நாள் பயணம். யூடியூபில் இதைப் பார்த்தவர்கள் அடுத்து கேட்பது: நம்ம ஊரில் ஒரு ஹைலக்ஸோ வி-கிராஸோ வாங்கி இதைச் செய்தால் என்ன?

செய்யலாம். சட்டத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் ஷோரூமில் பலர் முதலில் கேட்கிற ‘எத்தனை டன் இழுக்கும்?’ என்ற கேள்வியை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுத்தால் காசும் போகும், ஆபத்தும் வரும்.

இழுப்பது அவ்வளவு கஷ்டமா?

ஒரு கணக்கு போடலாம். ஆட்களும் லக்கேஜும் ஏறிய பிக்அப் இரண்டரை டன். பின்னால் ஒன்றரை டன் கேரவன் டிரெய்லர். மொத்தம் 4 டன். சாலை 6 சதவீத ஏற்றம். அதாவது 100 மீட்டர் போனால் 6 மீட்டர் ஏறும். இதில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற எவ்வளவு சக்தி வேண்டும்? டயர் உராய்வையும் சேர்த்தால் சக்கரத்தில் சுமார் 45 குதிரைத் திறன் போதும்.

டாடா யோதாவின் 2.2 லிட்டர் டீசல் இன்ஜின் தருவது சுமார் 100 குதிரைத் திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸின் 1.9 லிட்டர் இன்ஜின் சுமார் 160 குதிரைத் திறன், 360 நியூட்டன் மீட்டர். டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் இன்ஜின் சுமார் 200 குதிரைத் திறன். டார்க் மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். 2022-ல் இந்தியாவுக்கு வந்தபோதே ஹைலக்ஸின் ஆரம்ப விலை ரூ.33.99 லட்சம், அதுவும் எக்ஸ்-ஷோரூம்.

இந்தக் கணக்குப்படி யோதாவே அந்த ஏற்றத்தை முக்கி முனகியாவது ஏறிவிடும். ஹைலக்ஸ் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும். வித்தியாசம் சௌகரியத்திலும் ஓவர்டேக் எடுக்கும்போதும் தெரியும், அவ்வளவுதான். இழுவை என்ற ஒன்றுக்காக மட்டும் இருபது லட்சம் கூடுதலாகக் கொடுப்பதற்கு இந்தக் கணக்கில் காரணம் கிடைக்காது.

அதே சாலையில் இறங்கும்போது

பெங்களூருவிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு சேலம் திரும்பும் எவருக்கும் தொப்பூர் கணவாய் பழக்கம். தருமபுரியைத் தாண்டி, தேசிய நெடுஞ்சாலை 44 வளைந்து வளைந்து சேலம் பக்கம் இறங்கும் இடம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் கட்டுப்பாடு இழந்த லாரிகள் முன்னால் போன வண்டிகள் மீது மோதி உயிர்கள் போயின. இவை செய்தியில் பெரிதாக வந்த இரண்டு மட்டும். அங்கே உயர்மட்டச் சாலை கட்டும் திட்டம் வந்ததற்கும் இந்த இறக்கமே காரணம்.

மேலே பார்த்த அதே 4 டன்னை, அதே 6 சதவீதச் சரிவில், அதே 40 கிலோமீட்டர் வேகத்தில் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். வேகம் கூடாமல் பிடித்து வைக்க மட்டும் சுமார் 20 கிலோவாட் சக்தியை எங்காவது கரைத்தாக வேண்டும். வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் பத்தை ஒரே நேரத்தில் போட்டால் வரும் சூடு அது. இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க பிரேக் டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்கும். வேகம் கூடினால் சூடும் கூடும். ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. இதைத்தான் டிரைவர்கள் ‘பிரேக் ஃபெயிலியர்’ என்கிறார்கள். பல நேரங்களில் பிரேக்கில் எந்தப் பழுதும் இருக்காது. சூடு தாங்காமல் கைவிட்டிருக்கும்.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் தொப்பூரில் இத்தனை ஆபத்தானதாக இருப்பதும் இதனால்தான். இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டிய பங்கும் பிரேக் தலையிலேயே விழுகிறது. எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் கிளீனருக்குச் சொல்லிக்கொடுப்பது, பின்னால் டிரெய்லர் மாட்டியவருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஒரே வண்டி, இரண்டு எண்கள்

ஆஸ்திரேலியாவில் விற்கும் 2.8 லிட்டர் ஹைலக்ஸுக்கு டொயோட்டா இரண்டு இழுவை வரம்புகளைத் தருகிறது. டிரெய்லரில் அதற்கென்று பிரேக் இருந்தால் 3,500 கிலோ வரை இழுக்கலாம். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோதான். இன்ஜின் அதே, டார்க் அதே, சேஸிஸ் அதே. டிரெய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளுமா என்ற ஒரே விஷயம் வரம்பை ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாகக் குறைத்துவிடுகிறது. ஐரோப்பாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லைக்கோடு.

அமெரிக்காவில் ‘ஹெவி டியூட்டி’ என்று விற்கும் ராம் 2500, ஃபோர்டு எஃப்-250 போன்றவற்றின் 6.7 லிட்டர் டீசல் இன்ஜின்தான் இங்கே பேச்சில் அடிபடுகிறது. அவற்றில் நம் கண்ணில் படாத இரண்டு சமாச்சாரம் உண்டு. ஒன்று, நம் லாரிகளில் இருப்பதுபோல எக்ஸாஸ்ட் பிரேக். இன்னொன்று, டிரைவர் சீட்டிலிருந்தே டிரெய்லரின் எலெக்ட்ரிக் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர். அந்த வண்டிகள் எட்டு, ஒன்பது டன் இழுப்பதற்கான துணிச்சல் பாதி இவற்றிலிருந்து வருகிறது.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த டிரெய்லர், கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் டிராக்டர் டிரெய்லர். அதில் பெரும்பாலும் தனி பிரேக் கிடையாது. டிராக்டர் நின்றால் அதுவும் நிற்கும் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. மணிக்கு இருபது கிலோமீட்டரில், சமவெளியில் அந்த நம்பிக்கை ஓரளவு செல்லும். அதே பட்டறையில், அதே முறையில் ஒரு கேம்பர் டிரெய்லரைச் செய்து 80 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால் செல்லாது.

கொக்கியில் விழும் எடை

டிரெய்லரின் எடை முழுவதையும் அதன் சக்கரமே சுமப்பதில்லை. பொதுவாக 10 முதல் 15 சதவீதம் வரை பிக்அப்பின் பின்புறக் கொக்கியில் உட்கார வேண்டும். ஒன்றரை டன் டிரெய்லருக்கு இது 150 முதல் 225 கிலோ. கொக்கியில் எடை குறைந்தால் டிரெய்லர் வால்போல ஆடும். லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும் காற்றே அதைத் தொடங்கி வைக்கப் போதும். எடை கூடினால் பிக்அப்பின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி விட்டுப்போகும்.

இந்த எடை, வண்டியின் பேலோடு கணக்கில் சேரும். இங்கேதான் விலை உயர்ந்த பிக்அப்கள் சறுக்குகின்றன. வி-கிராஸும் ஹைலக்ஸும் ஐந்து பேர் சொகுசாகப் போவதற்காகச் செய்யப்பட்டவை. சுமப்பதில் நம் ஊர் சரக்கு பிக்அப்புக்கு ஈடாகாது. யோதா 2.0-வும் பொலிரோ மேக்ஸ் பிக்அப்பின் பெரிய மாடலும் 2 டன் வரை சுமக்கும். ஹைலக்ஸில் ஐந்து பேர் ஏறி, கூலர், டென்ட், 100 லிட்டர் தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு கொக்கிக்கு மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. ஸ்பெக் ஷீட்டில் அது வராது.

ஆர்டிஓ ஆபீஸில் என்ன சொல்வார்கள்?

மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். ஆகவே அதற்குத் தனிப் பதிவு வேண்டும், தனி இன்ஷூரன்ஸ் வேண்டும். இழுக்கும் வண்டியின் நம்பர் டிரெய்லரின் பின்னாலும் தெரிய வேண்டும் என்கிறது 61-வது பிரிவு.

மத்திய அரசு 2004-ல் வெளியிட்ட வகைப்பட்டியலில், சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் அல்லது டிரெய்லர் ‘போக்குவரத்து அல்லாத வாகனம்’ என்ற பிரிவில் இருக்கிறது. அதாவது, வெள்ளை நம்பர் பிளேட். சுவாரஸ்யம் என்னவென்றால், திருச்செங்கோட்டின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோன ரிக் வண்டியும் அதே பிரிவில்தான் வருகிறது.

சிக்கல் 52-வது பிரிவில் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய பிக்அப் ஒன்றை வாங்கி, தெரிந்த பாடி பில்டரிடம் கொடுத்து மேலே ஒரு அறை கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை இதில் அடிபடும். எஃப்சி-யில் மாட்டுவதோடு போகாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கவும் அது காரணமாகலாம்.

லைசென்ஸ் பெரிய தடையில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டியை எல்எம்வி லைசென்ஸ் வைத்து ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது.

அப்படியானால் எதை வாங்குவது?

இந்தப் பகுதியில் இருக்கிறவருக்கு இழுக்கும் கேம்பரைவிடச் சுமக்கும் கேம்பரே பொருத்தம். காரணம் நம் மலைகள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. டிரெய்லர் எப்போதும் இழுக்கும் வண்டியைவிட உள்பக்கமாக வெட்டிக்கொண்டு திரும்பும். எதிரே பஸ் வந்துவிட்டால் கொண்டை ஊசியில் டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலதுபக்கம் போகும். பழகாதவருக்கு அது காலி மைதானத்திலேயே வராது. மேலே போய்ச் சேர்ந்தாலும், மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து நிறுத்த இடம் தரும் கேரவன் பார்க் இங்கே எளிதில் கிடைக்காது. 2021-ல் கேரவன் சுற்றுலாவைக் கையிலெடுத்த கேரளாவிலும் ஓடுவது பெரும்பாலும் ஒரே உடலாக உள்ள வண்டிகளே.

2022-ல் மஹிந்திரா, ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற நிறுவனத்துடன் கைகோத்து, பொலிரோ கேம்பர் கோல்டு மீதே நான்கு பேர் தூங்கும் வண்டியை அறிவித்தது. சாதாரண லைசென்ஸில் ஓட்டலாம் என்பதும் அறிவிப்பில் இருந்தது. வண்டி பிடிக்கிறதோ இல்லையோ, வழி சரியானது: சான்று பெற்ற சேஸிஸ், சான்று பெற்ற பாடி, ஒரே பதிவு, நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக். இத்தகைய வண்டிகளுக்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரவிதியே இருக்கிறது. லாரி பாடி கட்டுவதில் பேர்போன நாமக்கல் பட்டறைகளுக்கு வேலைத்திறன் குறைவில்லை. இந்த வகைச் சான்றிதழை வாங்கும் பட்டறை எது என்பதுதான் வாங்குபவர் கேட்க வேண்டியது.

இழுத்தே தீருவேன் என்பவருக்கும் வழி உண்டு. எல்லாம் ஏற்றிய பிறகும் 750 கிலோவைத் தாண்டாத சின்ன டிரெய்லர்; அதைவிடக் கனம் என்றால் கட்டாயம் டிரெய்லருக்கென்று பிரேக். பிக்அப் விஷயத்தில், இந்தியாவில் விற்கும் அந்த மாடலுக்கு இழுவை வரம்பு எவ்வளவு, கொக்கி மாட்ட அனுமதி உண்டா, மாட்டினால் வாரன்டி நிற்குமா என்ற மூன்றையும் டீலரிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். ஆஸ்திரேலிய எண்ணைக் காட்டி ‘இதேதான் சார் இதுவும்’ என்று சேல்ஸ்மேன் வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்கக் கூடாது.

கடைசியாக ஒரு வசதி. சேலம், நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. முதல் பயணத்துக்கு முன் குடும்பம், தண்ணீர், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றோடும் வண்டியை அங்கே கொண்டுபோகலாம். முதலில் முன்சக்கரம் மட்டும், அடுத்து முழு வண்டி, பிறகு டிரெய்லரைக் கழற்றி டிரெய்லர் மட்டும் என்று மூன்று சீட்டு எடுத்து, ஆர்சி புத்தகத்தில் உள்ள எடையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும்.