பண்டல் துணி மலிவுதான், தைப்பவருக்குக் கூலி எங்கே?

ஈப்போ மெமரி லேன் ஞாயிறு சந்தைக்குப் பழைய நாணயமும் கடிகாரமும் தேடிப் போனது ஒரு காலம். இப்போது அங்கேயும் பட்டணத்துப் பண்டல் கடைகளிலும் துணிக் குவியலைக் கிளறும் இளையோரைக் காணலாம். பண்டல் கடையில் வாங்கியதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்ட வீடுகளில், இன்று பிள்ளைகள் அதையே ‘திரிஃப்ட்’ என்று பெருமையாகப் படம் பிடித்துப் போடுகிறார்கள். கூச்சம் போனது நல்லதுதான். ஆனால் இந்தப் புதிய மோகத்தில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் நம் சமூகம் பார்க்க வேண்டும்.

இந்தத் துணிகள் அழுத்திக் கட்டிய பெரிய மூட்டைகளாக இறங்குவதால்தான் ‘பண்டல்’ என்ற பெயர் வந்தது. ஜப்பானியர் கழித்த உடைகளுக்கு மலேசியா முக்கியமான சந்தை. ஜப்பானின் ‘புக்ஆஃப்’ நிறுவனம், தன் நாட்டுக் கடைகளில் விற்காமல் தங்கும் பொருள்களை இங்கே விற்பதற்காக 2016-இல் ‘ஜாலான் ஜாலான் ஜப்பான்’ கடையைத் தொடங்கியது. பக்கத்து நாடான இந்தோனேசியா பழைய துணி இறக்குமதிக்கு 2015-இல் தடை விதித்தது. நம் நாட்டில் இந்த வியாபாரம் நடந்துகொண்டே இருக்கிறது. வரத்துக்குக் குறைவில்லை.

தோட்டப்புற மக்களுக்குப் பழந்துணி புதிதல்ல. ரப்பர் பால் பட்டுக் காய்ந்துவிட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் கறை போகாது. அதனால் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் போட்டுக்கொள்வார்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவார்கள். அப்பாவின் சட்டை மகனுக்குச் சுருக்கப்படும். அம்மாவின் சேலை தொட்டிலாகி, பிறகு போர்வையாகி, கடைசியில் கால்மிதியாகும். ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, துணி கிடைக்காமல் சாக்கைக் கட்டிக்கொண்ட தலைமுறையும் நம்முடையதுதான். அதே ஜப்பானிலிருந்து இன்று துணி மூட்டை மூட்டையாக வருகிறது.

பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறின. குடும்பங்கள் லயத்தை விட்டுப் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு நகர்ந்தன. தவணை கட்டி வாங்கிய தையல் இயந்திரமும் கைவேலையும் கூடவே வந்தன. ஆனால் அந்த வேலைக்கு ஒரு விலை மட்டும் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘இடுப்பைக் கொஞ்சம் பிடித்துக் கொடுங்கக்கா’ என்று கொடுத்துவிட்டு, ஒரு நன்றியோடு வாங்கி வருவதுதான் நம் வழக்கம்.

பண்டல் துணி அப்படியே உடம்புக்குப் பொருந்துவது அரிது. ஒரு கணக்குக்குச் சொல்வோம். 10 ரிங்கிட்டுக்கு வாங்கிய நல்ல பருத்திக் கால்சட்டை இடுப்பில் தளர்ந்திருந்தால், அது அலமாரியில் கிடக்கும்; 10 ரிங்கிட் வீண். 15 ரிங்கிட் கொடுத்துத் திருத்தினால், 25 ரிங்கிட்டில் பல வருடம் உழைக்கும் கால்சட்டை கையில் இருக்கும். ஆக, பழந்துணியைப் பயன்படும் துணியாக மாற்றுவது தையல்தான். அந்த 15 ரிங்கிட்டைத் தரத்தான் நமக்கு மனம் வருவதில்லை. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் யோசிப்பது நியாயமே. இணையத்தில் அதே விலைக்குப் புதுத்துணி வருகிறது. 500 ரிங்கிட்டுக்கு மேற்போகாத இணைய இறக்குமதிக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு வரி வந்த பிறகும் அந்த மலிவு மறையவில்லை. ஆனால் நாலு துவைப்பில் தையல் விட்டுப்போகும் சட்டை மலிவாகுமா?

ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், அக்ரா நகரத்து காந்தமாந்தோ சந்தை பழந்துணிக்குப் பேர்போனது. அங்கே மூட்டையைப் பிரித்து விற்பதோடு வேலை முடிவதில்லை. துவைப்பவர், சாயம் ஏற்றுபவர், வெட்டித் தைப்பவர் எல்லாரும் கூலிக்கு வேலை செய்கிறார்கள். 2025 ஜனவரி தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் எரிந்தபோது, வியாபாரிகளோடு இவர்களின் பிழைப்பும் நின்றது. ஒரு துணி மறுபடி விற்கப்படும்போது இடையில் எத்தனை கைகள் சம்பாதிக்க முடியும் என்பதற்கு அந்தச் சந்தை சான்று.

இங்கே உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. அமானா இக்தியார் மலேசியா வழியாக இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கு 50 மில்லியன் ரிங்கிட்டில் ‘பெண்’ திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த தெக்குனின் ‘ஸ்பூமி கோஸ் பிக்’ திட்டத்தில் கடன் 50,000 ரிங்கிட்டிலிருந்து தொடங்குகிறது. வீட்டில் தைக்கும் ஒரு பெண்ணுக்கு அவ்வளவு தேவையில்லை. ஓர் ஓவர்லாக் இயந்திரம் வாங்க முடிந்தால் போதும். ஆனால் சிறு கடனாக இருந்தாலும் வரவு செலவைக் காட்ட வேண்டியிருக்கும். நன்றிக்குத் தைத்த வேலையை எந்தக் கணக்கில் எழுதுவது? நாம் கூலி கொடுக்காததால்தான் அவர் வேலை தொழிலாகவே தெரியாமல் போகிறது.

இதை மாற்றத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து தொடங்கலாம். பள்ளிச் சீருடை கிழிவதற்கு முன்பே பிள்ளைக்குச் சிறிதாகிவிடுகிறது. 2023-இல் வருமான வரம்பு நீக்கப்பட்டு, ஒவ்வொரு மாணவருக்கும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி கிடைத்தது. சட்டை, காலணி, பை என்று வாங்கினால் அது கரைய நேரமாகாது. ஆண்டிறுதியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நல்ல நிலையில் உள்ள சீருடைகளைத் திரட்டலாம். பொத்தான், ஜிப், விளிம்பு ஆகியவற்றைச் சரிசெய்யும் வேலையை அந்த வட்டாரத்தில் தைக்கத் தெரிந்த தாய்மாரிடம் ஒப்படைக்கலாம். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவர்களுக்கு அது வருமானம். நாளைக்குக் கடன் கேட்கும்போது காட்ட ஒரு கணக்கு.

வீட்டிலும் ஒரு பழக்கம் வேண்டும். பண்டல் கடையில் அக்குள், காலர், ஜிப் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். தையல் கூலியையும் சேர்த்து விலையைக் கணக்கிடுங்கள். அந்தக் கூலியைத் தர முடியாத துணியை வாங்காமல் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் எங்கோ கழித்த குப்பைக்கு நாம் காசு கொடுத்ததாகத்தான் ஆகும்.