மொட்டை மாடி பிரேமுக்கு மறுஜென்மம்

"சைக்கிளா? நம்ம பக்கத்திலா?" என்று மூக்கின் மேல் விரலை வைக்காதீர்கள், சகோதரிகளே! போன இதழில் கிழிந்த பட்டுப் புடவையைக் குழந்தைக்குப் பாவாடையாக்குவதைப் பற்றி எழுதியிருந்தேன். இதுவும் ஏறக்குறைய அதே கணக்குதான். எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும், எந்த இடத்தில் சிக்கனம் பார்க்கலாம், எந்த இடத்தில் பார்க்கவே கூடாது — இது தெரிந்தால் புடவையும் ஒன்றுதான், சைக்கிளும் ஒன்றுதான்.

நம்மில் பல பேர் வீட்டு மொட்டை மாடியிலோ, மாடிப்படிக்கு அடியிலோ ஒரு பழைய சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கும். ப்ளஸ் ஒன் படிக்கும்போது பெண்ணுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிளாக இருக்கும். 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, பிறகு எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்த திட்டம் அது. படிப்பு முடிந்ததும் சைக்கிள் மாடிக்குப் போய்விடுகிறது. சக்கரத்தை ஒருத்தர் கழற்றிக்கொள்வார், சீட்டை இன்னொருத்தர். கடைசியில் மிஞ்சுவது வெறும் பிரேம். பழைய இரும்புக்காரர் வந்தால் எடைக்குப் போட்டுவிடுவோம்.

என் நாத்தனார் வீட்டில் அப்படி மிஞ்சிய ஒரு லேடீஸ் சைக்கிள் பிரேம் எடைக்குப் போக இருந்தது. முன் போர்க்கும் ஹாண்டில்பாரும் மட்டும் அதனுடன் ஒட்டிக்கொண்டிருந்தன. பூந்தமல்லியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிற என் மகளுக்கு ஷேர் ஆட்டோவுக்கே ஒரு நாளைக்கு 40 ரூபாய், மாதம் சுளையாக 1,000 ரூபாய் ஆகிறது. "இதை நான் எடுத்துக்கறேன் அண்ணி" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் மாமியாருக்குச் சம்மதமில்லை. "பெங்களூர் ரோடும் வெளிவட்டச் சாலையும் சேர்ற ஊர் இது. லாரி போற வேகத்துல வயசுப் பொண்ணை ஓட்டை சைக்கிள்ல அனுப்புவியாம்மா?" என்றார். நசரத்பேட்டையில் குடியிருக்கும் யாருமே அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது. "ஓட்டையா இருந்தா அனுப்ப மாட்டேன் அத்தை. முடிச்சதும் நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றேன். ஆகவே இந்தச் சைக்கிளுக்கு நான் போட்ட முதல் விதி: காசு மிச்சமாவது அப்புறம், பெண் பத்திரமாக வீடு திரும்புவது முதலில்.

பிரேமை எப்படிப் பார்ப்பது?

பிரேம் கோணலாக இருந்தால் அதன் மேல் ஒரு ரூபாய் செலவழிப்பதும் வீண். இதைச் சோதிக்க ஒரு முழ நூலும் அடிக்கோலும் போதும் — அதாவது நீளமான நூல்! பின்சக்கரம் மாட்டுகிற இரண்டு காதுகளில் ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் ஹாண்டில் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பிரேம் நேர். ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்தால் அது எங்கோ அடிபட்ட பிரேம்.

அடுத்தபடி, குழாய்கள் சேரும் மூலைகளைத் துணியால் துடைத்து வெயிலில் உற்றுப் பாருங்கள். மேல்துரு பரவாயில்லை. ஆனால் தலைமுடி போல ஒரு கோடு ஓடி, அதன் வழியே துரு கசிந்திருந்தால் அது விரிசல். கழுத்துக்குக் கீழே பெயிண்ட் சுருக்கம் விழுந்திருந்தாலும், போர்க் பின்பக்கமாக மடங்கியிருந்தாலும், அந்தச் சைக்கிள் முன்பு எதிலோ மோதியிருக்கிறது என்று அர்த்தம். இவற்றையெல்லாம் யோசிக்காமல் இரும்புக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

நம்ம பிரேம் பாஸாகிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, ஒரு கை ரெட் ஆக்சைடு, அது நன்றாகக் காய்ந்ததும் இரண்டு கை எனாமல் பெயிண்ட். பெடல் அச்சு நுழையும் குழாயின் உள்பக்கத்திலும், திருகு மரைகளிலும் பெயிண்ட் படாமல் பழைய துணியை அடைத்துவிட வேண்டும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அறைக்குள் இந்த வேலையே வேண்டாம்.

எது புதுசு, எது பழசு?

பூந்தமல்லியில் ஒரு பெரியவர் ரொம்ப வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். "ஏம்மா, எல்லாத்தையும் புதுசா வாங்கி மாட்டினா, புது சைக்கிள் விலை வந்துடுமே!" என்றார். உண்மைதான். கம்பெனிக்காரர்கள் சாமான்களை ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். நாம் ஒன்றொன்றாக வாங்குகிறோம். அதனால் வெறும் பிரேமில் சைக்கிள் கட்டுவது, பாதிச் சாமான் பழசாகக் கிடைத்தால்தான் லாபம். எந்தப் பாதி என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, சீட்டு, செயின் கவர், ஹப், கிராங்க் — இவற்றைக் கடையின் பழைய குவியலிலிருந்து பொறுக்கலாம். ஹப்பை விரலில் பிடித்துச் சுற்றிப் பார்த்து, கரகரவென்று இல்லாததாக எடுக்க வேண்டும். மரை தேயாத கிராங்க்கா என்று பார்க்க வேண்டும்.

டயர், ட்யூப், பிரேக், பிரேக் கட்டை, ஒயர், ரிம், போக்ஸ் கம்பி, பால்ரஸ் — இவை புதுசுதான் வேண்டும். இதில் பேரமே கூடாது. செயினும் ப்ரீவீலும்கூட ஜோடியாகப் புதுசு வாங்குவது நல்லது. தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் போட்டால் பல்லையும் சீக்கிரம் தின்றுவிடும். அழுத்தி மிதிக்கும்போது வழுக்கவும் செய்யும்.

என் கணக்கு இது: புதுச் சாமான்கள் 2,720 ரூபாய், பழைய சாமான்கள் 650, சக்கரம் கட்டியதற்கும் மற்ற வேலைகளுக்கும் கூலி 500, பெயிண்ட் வகையறா 230. ஆக மொத்தம் 4,100 ரூபாய். அதே கடையில் புது லேடீஸ் சைக்கிளுக்கு 6,500 சொன்னார்கள். (கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் விலை மாறும்.) நாலு மாத ஷேர் ஆட்டோ காசில் சைக்கிள் நம்முடையது!

டயர் வாங்கும்போது ஒரு விஷயம். "26 இஞ்ச் கொடுங்க" என்று கேட்டால் போதாது. 26 x 1 3/8, 26 x 1 1/2, 26 x 1.75 என்று வகைகள் உண்டு. பெயர் எல்லாம் 26தான். ஆனால் மூன்றும் மூன்று அளவு ரிம். ஒன்றின் டயர் இன்னொன்றில் சரியாக உட்காராது. பழைய டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் கின்னத்தோடு அப்படியே குறித்துக்கொண்டு போங்கள். அதே போல ரிம்மின் துளைகளும் ஹப்பின் துளைகளும் ஒரே எண்ணிக்கையா என்று எண்ணிப் பாருங்கள். பழைய பெரிய சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி. பாரம் பின்னால் விழுவதால் அந்தக் கணக்கு.

நாமே மாட்டலாமா?

சக்கரத்துக்குக் கம்பி பின்னிக் கோட்டம் எடுப்பது மட்டும் கைப்பழக்கம் உள்ளவர் வேலை. அதைக் கடையில் கொடுத்துவிட்டேன். மற்றதைப் பெரியவர் திண்ணையிலேயே, அவர் சொல்லச் சொல்ல நானும் மகளும் மாட்டினோம். இடியாப்ப உழக்கைக் கழற்றி மாட்டுகிற கைக்கு இது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை.

பெடல் அச்சிலும் ஹாண்டில் கழுத்திலும் கிரீஸ் தடவி பால்ரஸை வரிசையாகப் பதிக்க வேண்டும். இறுக்குவதில்தான் பக்குவம்: ஆட்டினால் ஆடக் கூடாது, சுற்றினால் தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும். பெடலில் ஒரு வேடிக்கை உண்டு. வலது பெடல் சாதாரணத் திருகு மாதிரி இறுகும். இடது பெடல் தலைகீழ், எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். இது தெரியாமல் பலம் காட்டினால் மரை போய்விடும்.

முன்பல் சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். 26 இஞ்ச் சக்கரத்தில் அது சுமார் 5 மீட்டர். நாலு கிலோமீட்டர் போக 800 மிதி! என் மகள் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வேலை செய்யும்போது பெரியவர் பழைய கதைகள் சொன்னார். நம்ம மேற்குப் பக்கமே ஒரு காலத்தில் சைக்கிள் சீமைதானாம். 1949ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, ஹெர்குலிஸ் சைக்கிள் அம்பத்தூரிலிருந்து வந்தது. 1955ல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலை. 1960ல் டி.ஐ. டயமண்ட் செயின். குழாய் ஆவடியில், செயின் அம்பத்தூரில்! "அந்தக் காலத்துல நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் அந்த சங்கு ஊதுனா ஓடுவாங்கம்மா" என்றார்.

ஓட்டுவதற்கு முன்

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருளக் கூடாது. பின் பிரேக்குக்கும் அப்படியே. பிரேக் கட்டை ரிம்மை மட்டும்தான் தொட வேண்டும், டயரைத் தொட்டால் டயர் கிழியும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் சட்டென்று பிடிக்காது. மழை நாளில் மெதுவாகப் போய், முன்கூட்டியே பிடிக்கப் பழக வேண்டும். புதிதாகக் கட்டிய சைக்கிளில் கம்பிகளும் காட்டர் பின்னும் கொஞ்சம் தளரும். பத்துப் பதினைந்து நாள் ஓட்டியதும் மறுபடி கடைக்குக் கொண்டுபோய் இறுக்கிவிடுங்கள்.

சீட்டில் உட்கார்ந்து, கீழே வந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஓட்டினால் முழங்கால் வலிக்கும்; "சைக்கிள் நமக்கு ஒத்துக்கலை" என்று சைக்கிள் மேல் பழி போடுவோம்!

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கேரியரில் குழந்தையை உட்கார வைப்பவர்கள் பின்சக்கரத்துக்கு டிரெஸ் கார்டு கட்டாயம் போடுங்கள். தொங்கும் பிஞ்சுக் கால் கம்பிக்குள் மாட்டினால் குதிகால் தோலும் சதையும் பிய்ந்துவிடும். புடவைத் தலைப்புக்கும் துப்பட்டாவுக்கும் அதே கார்டுதான் காவல்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசைந்து வேலை செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால் அந்தக் கணக்கு நேராகிவிடும். கர்ப்பிணிகளும் மூட்டு வலி உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

"இந்த வயதில் கற்றுக்கொள்வதா?" என்பவர்களுக்குப் புதுக்கோட்டையை ஞாபகப்படுத்துகிறேன். 1991, 92ல் அறிவொளி இயக்கத்தின்போது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். தண்ணீர்க் குடம், குழந்தை, விளைச்சல் எல்லாம் அதன்மேல் ஏறிற்று. யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்ப முடிந்ததே, அதுதான் பெரிய விஷயம்.

சைக்கிள் தயாரானதும் மாமியாரிடம் கொண்டுபோய் நிறுத்தினோம். அவரே பிரேக்கைப் பிடித்து, தள்ளிப் பார்த்தார். பிறகு மூன்று நிபந்தனை போட்டார்: பெரிய ரோட்டின் ஓரமாகப் போகாமல் உள்தெருக்கள் வழியாகவே போக வேண்டும், ரோட்டைக் கடக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டும், இருட்டுமுன் வீட்டில் இருக்க வேண்டும். மூன்றுமே நியாயம் என்று எனக்கும் பட்டது. நான் நாலாவதாக ஒன்று சேர்த்தேன்: லாரி திரும்பும்போது அதன் இடப்பக்கம் நுழையவே கூடாது, டிரைவர் கண்ணுக்கு நாம் தெரிய மாட்டோம். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டரும் ஒட்டிவிட்டோம்.

பகலில் மகள் கொண்டுபோகிறாள். காலை ஆறு மணிக்குப் பால் வாங்கக் கிளம்பும்போது சைக்கிள் என்னுடையது. வழியில் எங்கேயாவது கிறீச்சிட்டால், அது எந்த இடத்துச் சத்தம் என்று இப்போது காது கண்டுபிடித்துவிடுகிறது. கடையில் போய் "என்னமோ சத்தம் வருதுங்க" என்று சொல்வதற்கும், "பி.பி. கப்பைக் கொஞ்சம் இறுக்கிக் கொடுங்க" என்று சொல்வதற்கும் கூலியிலேயே வித்தியாசம் தெரிகிறது, சகோதரிகளே!